செவிவழி அவை

நுழையும்முன்

வரலாறு, அரசியல், பண்பாடு, இசை ஆகியவை கற்றோர் கூடும் அவைகளுக்கே பெரிதும் உரியனவாய் இருந்த காலம் உண்டு. அவற்றை எழுத்தறியாதவர் திண்ணைக்கும் கொண்டு சேர்த்தது மாலைநேர வானொலி. அதன் ஆற்றல் பேசியவரின் குரலில் இருந்ததா, கேட்டவரின் உசாவலில் இருந்ததா? இவ்வினாவுக்கு விடை தேடுகிறது இவ்வுரைநடை.

மாலையில் வந்த விருந்தினர்

உழவர் ஏர் அவிழ்த்து வீடு திரும்பும் பொழுது மாலை. நெசவாளர் தறியை நிறுத்திக் கைகால் கழுவும் பொழுதும் அதுவே. கூத்தும் கதைபடிப்பும் திண்ணைப் பேச்சும் தமிழ் ஊர்களில் விளக்கேற்றிய பின்னரே தொடங்கின. ஒருவர் பாரதக் கதையைப் படிக்க, ஊரார் சூழ்ந்திருந்து கேட்டனர், இடையிடையே வினவினர், மறுத்தும் பேசினர். கண்ணால் படிக்க இயலாதவரும் காதால் கற்றனர். கேட்டறிதலின் சிறப்பை உணர்ந்தே திருவள்ளுவர் 'கேள்வி' என ஓர் அதிகாரத்தை வகுத்தார். இத்தகைய மரபுடைய மண்ணில், இருபதாம் நூற்றாண்டில் மாலைதோறும் வந்து அமர்ந்த புதிய விருந்தினர் வானொலி.

மாலை வானொலிக்கு ஏற்ற பொழுதானமைக்கு மக்களின் ஓய்வு மட்டும் காரணமன்று, இயற்கையும் துணைநின்றது. புவிக்கு மேலே உள்ள அயனி மண்டலத்தின் கீழடுக்கு, பகலில் கதிரவன் ஒளியால் உருவாகி, வானொலியின் மத்திய அலைகளை உறிஞ்சிவிடுகிறது. கதிரவன் மறைந்ததும் அவ்வடுக்கு கலைந்துபோகிறது. அப்போது மேலடுக்குகளைத் தொடும் அலைகள் மீண்டும் நிலம் நோக்கித் திரும்புகின்றன. பகலில் அருகிலுள்ள ஊர்களை மட்டும் எட்டிய குரல், இரவில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடந்து கேட்பது இதனால்தான். மனிதர் கேட்பதற்கு ஓய்ந்திருக்கும் பொழுதும் அலைகள் நெடுந்தொலைவு செல்லும் பொழுதும் ஒன்றாக அமைந்தன.

சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் 1924ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் சென்னை மாகாண வானொலிக் கழகம் தோன்றியது. அவ்வாண்டு ஜூலை 31 முதல் அது ஒலிபரப்பைத் தொடங்கியது. பொருள்முடையால் 1927இல் அம்முயற்சி நின்றது. கழகத்தின் ஒலிபரப்புக் கருவி சென்னை மாநகராட்சியின் கைக்கு வந்தது. 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சியே மாலைதோறும் ஒலிபரப்பை நடத்தியது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் அமைக்கப்பட்டன. பெட்டி வாங்கப் பொருளில்லாதவரும் அங்கே சென்று இசை கேட்க முடிந்தது. 1938 ஜூன் 16இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கப்பெறும்வரை இந்த ஏற்பாடே நகரின் மாலைப் பொழுதை நிறைத்தது. 1939 மே 16இல் திருச்சிராப்பள்ளி நிலையமும் தொடங்கப்பெற்றது.

இவ்வரலாற்றில் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. அக்காலத்தில் பெரும்பாலான மக்கள் வானொலியைத் தனித்திருந்து கேட்கவில்லை, கூடியிருந்து கேட்டனர். வானொலி என்பது ஒருவர் பேசப் பலர் வாய்மூடிக் கேட்கும் கருவி என்று கருதுவோர் பலர். அக்கருத்து பாதி உண்மையே. கேட்டவர் தமக்குள் பேசத் தொடங்கும்போதுதான் வானொலி உரை நிறைவு பெறுகிறது. அந்தப் பேச்சு நின்றுபோனால், எத்துணைச் சிறந்த உரையும் காற்றில் கரைந்த ஒலியாகவே முடியும்.

கைதட்டல் இல்லாத மேடை

மேடைப் பேச்சாளர் முன்னே கூட்டம் இருக்கும். கைதட்டல் அவரை உயர்த்தும். அவையின் முகக்குறிப்பு அவரைத் திருத்தும். வானொலியில் பேசுபவருக்கு இவ்விரண்டும் இல்லை. மூடிய அறையில் ஒலிவாங்கி ஒன்றே அவருக்கு அவை. ஆனால், அவர் குரலைக் கேட்பவரோ தம் வீட்டுக் கூடத்தில், அடுப்பங்கரையில், கடை வாயிலில் இருக்கிறார். ஆயிரம் பேருக்குப் பேசும் குரலில் அங்கே பேச இயலாது. எதிரில் அமர்ந்த ஒருவருக்குச் சொல்வதுபோலவே சொல்ல வேண்டும்.

காலமும் குறுகியது. வானொலி உரைக்குப் பெரும்பாலும் பத்து அல்லது பதினைந்து நிமிடங்களே கிடைத்தன. உரையை முன்னதாகவே எழுதி அளிக்க வேண்டும் என்பது நிலையத்தின் நடைமுறை. நூலைப் படிப்பவர் விளங்காத பகுதியைத் திருப்பிப் படிக்கலாம். வானொலி கேட்பவருக்குத் திருப்பப் பக்கமில்லை. ஆகவே, தொடர்கள் சுருங்கின, அருஞ்சொற்கள் அகன்றன, பேச்சின் ஓசை எழுத்துக்குள் வந்தது. புலவர்க்கு மட்டும் விளங்கிய இலக்கியத்தைப் பொதுமக்களுக்கு விளங்கச் சொல்லும் உரைநடை ஒன்று தமிழில் வளர்ந்ததில் வானொலிக்கும் பங்குண்டு.

இக்கலையை நுணுகி ஆராய்ந்தவர் இலங்கைத் தமிழரான சோ. சிவபாதசுந்தரம். இலங்கை வானொலியிலும் இலண்டன் பி.பி.சி. நிறுவனத்திலும் பணியாற்றிய அவர், தம் பட்டறிவைக் கொண்டு 'ஒலிபரப்புக் கலை' என்னும் நூலைத் தமிழில் எழுதினார். பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்புக்குத் 'தமிழோசை' என்று பெயர் சூட்டியவரும் அவரே. 1941இல் தொடங்கிய அவ்வொலிபரப்பு 2017வரை வானொலியில் ஒலித்தது. தமிழகத்திலும் ஈழத்திலும் இரவு உணவுக்கு முன்னோ பின்னோ உலகச் செய்தியைக் கேட்டு, அதனைப் பற்றி வீட்டில் பேசிக்கொள்ளும் வழக்கத்தை அது பல்லாண்டுகள் காத்தது.

ஆழ்ந்த சிந்தனையையும் வானொலியில் வழங்க இயலும் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. பி.பி.சி. 1948இல் தொடங்கிய ரீத் சொற்பொழிவு வரிசையின் முதல் உரைகளை நிகழ்த்தியவர் மெய்யியலறிஞர் பெர்ட்ரண்ட் ரசல். தனிமனித உரிமைக்கும் அதிகாரத்துக்கும் உள்ள உறவே அவர் எடுத்துக்கொண்ட பொருள். இந்தியாவில் 1955இல் அகில இந்திய வானொலி தொடங்கிய சர்தார் பட்டேல் நினைவுச் சொற்பொழிவு வரிசையின் முதல் உரையை இராஜாஜி வழங்கினார். நல்லாட்சியாளர் எப்படி இருத்தல் வேண்டும் என்பது அவ்வுரையின் பொருளாயிற்று. மெய்யியலும் ஆட்சியியலும் பல்கலைக்கழகச் சுவரைத் தாண்டி வந்தமைக்கு இவ்விரு வரிசைகளும் எடுத்துக்காட்டுகள்.

தேடாததும் கிடைத்தது

மாலைநேர ஒலிபரப்பின் தனிச்சிறப்பு அதன் அடுக்குமுறையில் இருந்தது. உழவர்க்கான செய்தியை அடுத்து நாட்டு நடப்பு வரும். அதனை அடுத்து வரலாற்று உரை வரும். பின்னர் இசையரங்கு தொடங்கும். நெல் விலை அறிய வந்தவர் பல்லவர் கால ஓவியத்தைப் பற்றியும் கேட்டார். வீணையிசைக்குக் காத்திருந்தவர் அம்மை நோய்த் தடுப்பைப் பற்றியும் அறிந்தார். அவர் தேடியது ஒன்று. தேடாமலே கிடைத்தது மற்றொன்று. அறிவு வளர்வதற்கு இந்த இரண்டாவது வழி இன்றியமையாதது. தமக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது என்பதையே அறியாதவர், அதனை எங்ஙனம் தேடுவார்?

1960களில் ஆடுதுறை 27 என்னும் நெல் வகை தஞ்சைப் பகுதியில் பரவிய வரலாறு இதற்குத் துணைநிற்கும். திருச்சிராப்பள்ளி வானொலி நிலையத்தின் வேளாண் நிகழ்ச்சிகள் வழியாக அந்நெல்லின் சாகுபடி முறையை உழவர்கள் கேட்டறிந்தனர். கேட்டதை வயலில் செய்து பார்த்தனர். அவர்கள் அந்நெல்லுக்கு இட்ட பெயர் 'ரேடியோ நெல்'. ஆராய்ச்சி நிலையம் எண்ணால் குறித்த பயிருக்கு, அது வந்த வழியையே பெயராக்கினர் மக்கள். கேட்டலும் செய்தலும் இணைந்ததன் அடையாளம் அப்பெயர்.

இசையிலும் இவ்வாறே நிகழ்ந்தது. நுழைவுச் சீட்டு வாங்கிச் சபைகளுக்குச் செல்ல இயலாதவருக்கும், அங்கே இயல்பாக நுழைந்து அமர இடமளிக்கப்படாதவருக்கும் செவ்வியல் இசையை வானொலி கொண்டு சென்றது. 1952இல் தொடங்கிய தேசிய இசை நிகழ்ச்சி, இரவுதோறும் அன்றி வாரம் ஒருமுறை சனிக்கிழமை இரவில் ஒலித்தது. அதன் வழியே வடக்கின் இந்துஸ்தானி இசை தெற்கிலும், தெற்கின் கருநாடக இசை வடக்கிலும் கேட்கப்பட்டன.

எனினும், இசை வரலாறு ஓர் எச்சரிக்கையையும் தருகிறது. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராகப் பொறுப்பேற்ற பி. வி. கேஸ்கர், திரையிசையை வானொலிக்குத் தகாததாகக் கருதினார். அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் அருகின. மக்களோ பெட்டியின் முள்ளை இலங்கை வானொலியின் பக்கம் திருப்பினர். 1957 அக்டோபர் 3இல் விவித் பாரதி ஒலிபரப்பைத் தொடங்கித் திரையிசைக்கு மீண்டும் இடமளிக்க வேண்டியதாயிற்று. நல்லதைத் தருவது வேறு. நல்லதென்று ஒருவர் கருதுவதை மட்டுமே தருவது வேறு. முன்னது கேட்பவரை மதிக்கிறது. பின்னது அவரைக் குழந்தையாக எண்ணுகிறது.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. பி.பி.சி. 1946இல் 'மூன்றாம் நிகழ்ச்சி' என்னும் பெயரில் மாலை 6 மணி முதல் நள்ளிரவுவரை ஒலிக்கும் தனி அலைவரிசை ஒன்றைத் தொடங்கியது. வரலாறு, தத்துவம், நாடகம், உயர்ந்த இசை ஆகியன அதில் இடம்பெற்றன. தரத்தில் அது தாழவில்லை. ஆனால், எளிய கேளிக்கைக்கு ஓர் அலைவரிசை, பொதுவான கேட்புக்கு ஓர் அலைவரிசை, அறிவுடையோர்க்கு ஓர் அலைவரிசை எனப் பிரித்தபோது, மக்களும் பிரிந்தனர். நகைச்சுவை கேட்க வந்தவர் தற்செயலாகத் தத்துவத்தைக் கேட்கும் வாய்ப்பு குறைந்தது. உயர்ந்ததைத் தனி அறையில் வைத்துப் பூட்டுவதும், பிடிக்காததை வெளியே தள்ளிக் கதவடைப்பதும் ஒரே விளைவையே தருகின்றன. இரண்டிலும் தேடாதது கிடைப்பதில்லை.

ஒரே கருவி, இருவேறு பயன்

அரசியலில் வானொலியின் ஆற்றல் இன்னும் கூர்மையானது. 1933 மார்ச் 12, ஞாயிறு இரவு. அமெரிக்காவில் வங்கிகள் மூடப்பட்டு, மக்கள் தம் சேமிப்பைப் பற்றி அஞ்சியிருந்த நேரம். குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் வானொலியில் பேசினார். வங்கி எவ்வாறு இயங்குகிறது, வைப்புத்தொகை என்னவாகிறது, அரசு என்ன செய்யப்போகிறது என்பனவற்றை எளிய சொற்களில் விளக்கினார். அடுத்த நாள் வங்கிகள் திறக்கத் தொடங்கியபோது, பணத்தை எடுக்க நின்ற மக்கள் பணத்தைத் திரும்பச் செலுத்தவும் வந்தனர். உண்மையை விளக்கிச் சொன்னால் மக்கள் புரிந்துகொள்வர் என்னும் நம்பிக்கை அவ்வுரையின் அடித்தளம்.

அதே 1933ஆம் ஆண்டில் ஜெர்மனியில் நாஜி அரசு மலிவான 'மக்கள் வானொலி'ப் பெட்டிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரே குரல் ஒலிக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். 1939இல் போர் தொடங்கியதும் அயல்நாட்டு ஒலிபரப்பைக் கேட்பதே அங்குத் தண்டனைக்குரிய குற்றமாயிற்று. அமெரிக்க வீட்டிலும் ஜெர்மானிய வீட்டிலும் இருந்தவை ஒரே வகைக் கருவிகளே. ஓரிடத்தில் கேட்பவருக்கு விளக்கம் கிடைத்தது. மற்றோரிடத்தில் வினாவே குற்றமானது. கருவி நல்லதா, தீயதா என்பதைக் கருவி முடிவு செய்வதில்லை. கேட்டவர் மறுத்துப் பேச இடமுண்டா என்பதே முடிவு செய்கிறது.

இந்திய விடுதலைப் போராட்ட வீரர்கள் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். 1942 ஆகஸ்டில் தலைவர்கள் சிறைப்பட்டு, நாளேடுகள் தணிக்கைக்கு உள்ளானபோது, பம்பாயில் உஷா மேத்தா என்னும் இளம்பெண்ணும் அவர்தம் தோழர்களும் 'காங்கிரஸ் வானொலி'யை மறைவாக நடத்தினர். காவல்துறை கண்டறியாதவாறு இடம் மாற்றி இடம் மாற்றி இயங்கிய அவ்வொலிபரப்பு, ஏறத்தாழ மூன்று மாதங்களே நீடித்தது. நவம்பரில் அவர்கள் கைது செய்யப்பட்டனர். அரசின் வானொலி சொல்லாததை மக்கள் அறிய வேண்டும் என்பதற்காகச் சிறை செல்லவும் அவர்கள் துணிந்தனர்.

விடுதலைக்குப் பின்னரும் வானொலி அரசின் துறையாகவே நெடுங்காலம் இருந்தது. தேர்தல் காலத்தில் அரசியல் கட்சிகள் வானொலியில் தம் கருத்தை எடுத்துரைக்கும் வாய்ப்பு 1977ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில்தான் முதன்முதலாக அமைந்தது. வான் அலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. 1997இல் பிரசார் பாரதி தன்னாட்சி அமைப்பாக உருப்பெற்றது. மாலை உரையில் யார் பேசலாம், எதைப் பேசலாம் என்னும் வினா ஒலிபரப்பாளரின் தனிச்சிக்கல் அன்று. அது குடியாட்சியின் சிக்கல் என்பதையே இந்நிகழ்ச்சிகள் உணர்த்துகின்றன.

பூனா காட்டிய சான்று

பேசுபவரின் உரிமை ஒருபுறம் இருக்க, கேட்பவரின் கடமை மற்றொருபுறம் உள்ளது. கேட்டபின் உசாவுவதால் என்ன பயன் என்று ஐயுறுவோருக்கு 1956ஆம் ஆண்டின் பூனா ஆய்வு விடை தருகிறது.

கனடா நாட்டில் 1941 முதல் உழவர் குடும்பங்கள் வாரம் ஒரு மாலை அண்டை வீட்டில் கூடி வானொலி நிகழ்ச்சியைக் கேட்டு, அதனைப் பற்றி விவாதித்து, தம் முடிவுகளை எழுதி அனுப்பும் வழக்கம் இருந்தது. அந்த முறையை யுனெஸ்கோ நிறுவனத்தின் துணையுடன் அகில இந்திய வானொலி பூனா நிலையத்தில் செய்து பார்த்தது. அன்றைய பம்பாய் மாநிலத்தின் மராத்தி பேசும் ஐந்து மாவட்டங்களில் ஏறத்தாழ 150 சிற்றூர்கள் தெரிந்தெடுக்கப்பட்டன. ஒவ்வோர் ஊரிலும் ஏறத்தாழ இருபது பேர் கொண்ட கேட்போர் மன்றம் அமைந்தது. வாரம் இருமுறை, மாலையில் அரைமணி நேரம், மொத்தம் 20 நிகழ்ச்சிகள் ஒலிபரப்பாயின. நிகழ்ச்சி முடிந்ததும் மன்றத்தினர் அமர்ந்து பேசினர். விளங்காதவற்றை வினாக்களாக எழுதி நிலையத்துக்கு அனுப்பினர். அவ்வினாக்களுக்கான விடைகள் பின்னர் வானொலியிலேயே ஒலித்தன.

இம்முயற்சியை ஆராய்ந்தது டாட்டா சமூகவியல் நிறுவனம். மன்றம் அமைந்த ஊர்கள், வானொலி இருந்தும் மன்றம் அமையாத ஊர்கள், வானொலியே இல்லாத ஊர்கள் ஆகிய மூவகை ஊர்களிலும் நிகழ்ச்சிகளுக்கு முன்னும் பின்னும் மக்களின் அறிவு மதிப்பிடப்பட்டது. மன்றம் அமைந்த ஊர்களில் அறிவு பெரிதும் வளர்ந்திருந்தது. வானொலி இருந்தும் மன்றம் இல்லாத ஊர்களில் வளர்ச்சி சிறிதே. வானொலி இல்லாத ஊர்களில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. மன்றங்கள் அறிவோடு நிற்கவுமில்லை. சில ஊர்களில் கிணறு தோண்டினர். நல்லினக் காளை வாங்கினர். குழந்தைகளுக்குப் பாலர் பள்ளி தொடங்கினர்.

இரண்டு ஊர்களிலும் ஒலித்தது ஒரே குரல், ஒரே சொற்கள். வேறுபட்டது ஒலி நின்றபின் நிகழ்ந்தது மட்டுமே. ஓரூரில் மக்கள் எழுந்து சென்றனர். மற்றோரூரில் அமர்ந்து பேசினர். வானொலியின் பயன் பெட்டிக்குள் இல்லை, பெட்டியைச் சூழ்ந்த வட்டத்தில் இருக்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

வரலாற்று உரைக்கும் இது பொருந்தும். உத்திரமேரூர்க் கல்வெட்டு கூறும் குடவோலை முறையைப் பற்றி அறிஞர் ஒருவர் வானொலியில் பேசுகிறார் எனக் கொள்வோம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஊராட்சி உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கத் திட்டமான விதிகள் இருந்தன என்று அவர் பெருமையுடன் கூறுகிறார். தனித்துக் கேட்பவர் அப்பெருமையோடு உறங்கச் செல்வார். கூடிக் கேட்கும் வட்டத்தில் கூலி வேலை செய்யும் ஒருவர், "நிலமும் மனையும் உடையவர் பெயரைத்தானே ஓலையில் எழுதினார்கள்?" என்று வினவக்கூடும். மூதாட்டி ஒருவர், "பெண்கள் பெயர் அந்தக் குடத்துக்குள் போனதா?" என்று கேட்கக்கூடும். அவ்வினாக்கள் கல்வெட்டின் பெருமையைக் குறைப்பனவல்ல. பழம்பெருமையிலிருந்து இன்றைய வாக்குரிமைவரை வந்த நெடுவழியைக் காட்டுவன அவை. வரலாறு பெருமிதமாக நின்றுவிடாமல் அறிவாக மாறுவது அந்த வட்டத்தில்தான்.

காதணியும் தனிமையும்

இன்று நிலைமை மாறியுள்ளது. அஞ்சலகத்தில் ஆண்டுக் கட்டணம் செலுத்தி உரிமம் பெற்ற பெட்டியைச் சூழ்ந்து அமர்ந்த காலம் போயிற்று. 1950களில் வந்த டிரான்சிஸ்டர் வானொலியை மாட்டுவண்டிக்கும் வயல் வரப்புக்கும் கொண்டு சென்றது. கேட்போரைத் தனித்தனியாகப் பிரிக்கவும் தொடங்கியது. கைப்பேசியும் காதில் செருகும் ஒலிப்பானும் அப்பிரிவை நிறைவு செய்துள்ளன. ஒரே வீட்டில் நால்வர் நான்கு குரல்களைக் கேட்கின்றனர். ஒருவர் கேட்டதை மற்றவர் அறியார்.

இதனை வளர்ச்சி என்று கூறுவோர் உளர். அவர்கள் கூற்றில் உண்மையில்லாமல் இல்லை. முன்னர் நிலையம் தந்ததைத்தான் கேட்க வேண்டும். இன்று கேட்பவர் விரும்பியதைத் தேர்ந்தெடுக்கலாம். ஓர் உரையைத் தவறவிட்டால் மறுநாளும் கேட்கலாம். விளங்காத இடத்தை மீண்டும் ஒலிக்கச் செய்யலாம். முன்னர் ஒலிவாங்கியின் முன் அமரும் வாய்ப்புப் பெறாத பலர் இன்று தம் குரலைத் தாமே வலையொலியாக வெளியிடுகின்றனர். இவை மறுக்கவியலாத நன்மைகள். பழைய மாலை முழுவதும் பொற்காலம் என்று ஏங்குவதும் பொருந்தாது. யார் பேசுவது என்பதைச் சிலரே முடிவு செய்த மாலை அது.

ஆயினும், இழப்பும் சிறிதன்று. ஒருவர் முன்பு விரும்பியதை ஒத்ததையே அடுத்தடுத்து எடுத்துத் தருமாறு இன்றைய செயலிகள் அமைந்துள்ளன. தேடியது மிகுதியாகக் கிடைக்கிறது. தேடாதது வருவதே இல்லை. தம் கருத்தையே எதிரொலிக்கும் குரல்களை நாள்தோறும் கேட்பவர், மாற்றுக் கருத்துடையவரை அயலாராகவும் பின்னர்ப் பகைவராகவும் எண்ணத் தலைப்படுகிறார். பல அலைவரிசைகளில் மாலை நேரம் திரைப்பாடலாலும் விளம்பரத்தாலும் நிரம்பியுள்ளது. தனியார் பண்பலை வானொலிகள் தாமே செய்தி திரட்டி ஒலிபரப்ப இந்திய விதிகள் இடந்தருவதில்லை. அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றமின்றி மறு ஒலிபரப்புச் செய்யவே அவற்றுக்கு இசைவுண்டு. தொலைக்காட்சியில் பேசலாம், நாளேட்டில் எழுதலாம், பண்பலையில் மட்டும் கூடாது என்னும் இந்நிலை மறுஆய்வுக்கு உரியது. மலிவான கருவி கொண்டு எளியோர் கேட்கும் ஊடகத்துக்கே இக்கட்டுப்பாடு அமைந்திருப்பது சிந்திக்கத்தக்கது.

குரல் பெற்ற ஊர்கள்

நம்பிக்கை தரும் முயற்சிகளும் உள்ளன. சென்னை அண்ணா பல்கலைக்கழகம் 2004இல் தொடங்கிய 'அண்ணா எப்.எம்.' இந்தியாவின் முதல் கல்வி வளாகச் சமூக வானொலி ஆகும். 2006இல் அரசின் கொள்கை விரிவடைந்து, தொண்டு அமைப்புகளும் சமூக வானொலி நடத்த வழி பிறந்தது. 2008இல் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் மேதக் மாவட்டத்தில் ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பெண்கள் 'சங்கம் ரேடியோ'வைத் தொடங்கினர். சிறுதானிய விதைகள், மழை, நோய், பண்டிகைப் பாடல்கள், தம் ஊரின் பழங்கதைகள் ஆகியவற்றை அவர்கள் தம் பேச்சுத் தெலுங்கிலேயே மாலை வேளையில் பேசினர். நூல்களில் இடம்பெறாத வரலாறு அப்பெண்களின் நினைவில் இருந்தது. கேட்பவராக மட்டும் இருந்தவர் பேசுபவராக மாறியபோது அது வெளிவந்தது.

இங்கிருந்தே ஒரு தெளிவு பிறக்கிறது. மாலைநேர உரை வானொலி மீண்டும் மக்கள் வாழ்வில் இடம்பெற மூன்று செயல்கள் தேவை. வரலாற்றையும் அரசியலையும் பண்பாட்டையும் இசையையும் தனித்தனி அறைகளில் அடைக்காமல் ஒரே மாலையில் அடுத்தடுத்து வைத்தல் முதலாவது. மாறுபட்ட கருத்துடையோர்க்கு ஒலிவாங்கியின் முன் இடமளித்தல் இரண்டாவது. கேட்டபின் கூடிப் பேசும் வட்டங்களை அமைத்தல் மூன்றாவது. முதலிரண்டும் நிலையங்களும் அரசும் செய்ய வேண்டியவை. மூன்றாவதற்கு உரிமமும் வேண்டா, பொருளும் வேண்டா. வீட்டுக் கூடமும் பள்ளி மரத்தடியும் ஊர் நூலகமும் போதும். அதனைத் தொடங்க எவரும் எவருடைய இசைவுக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

பதினோராம் வகுப்பு மாணவர் ஒருவர் இன்னும் சில ஆண்டுகளில் வாக்களிக்கும் உரிமை பெறுவார். பல குரல்கள் அவரை நோக்கிப் பேசும். ஒவ்வொன்றும் தன்னையே நம்பச் சொல்லும். எது உண்மை என்று தெளிய, பொறுமையுடன் கேட்கவும், கேட்டதை வினவவும், மாறுபடுவோருடன் பகையின்றிப் பேசவும் அவர் பழகியிருத்தல் வேண்டும். அப்பழக்கம் ஒரே நாளில் வருவதன்று. அது ஒவ்வொரு மாலையும் சிறிது சிறிதாக வளர்வது. சென்னைக் கடற்கரையின் ஒலிபெருக்கியும், பூனாவின் கேட்போர் மன்றமும், மேதக் பெண்களின் சிறு நிலையமும் வெவ்வேறு காலத்தவை. வெவ்வேறு மொழியினருக்கு உரியவை. கேட்பதற்காக ஒன்றுகூடியவர் பேசுவதற்கும் ஒன்றுகூடலாம் என்பதே அவை மூன்றும் கற்பிக்கும் பாடம். ஒலிபரப்பு முடிந்து பெட்டி அமைதியாகும் நேரமே அவை கூடும் நேரம்.

கற்பவை கற்றபின்

1. வானொலியிலோ வலையொலியிலோ வரலாறு அல்லது இசை பற்றிய உரை ஒன்றை ஐவர் கொண்ட குழுவாகக் கேட்டு, கேட்டபின் எழுந்த மூன்று வினாக்களை வகுப்பில் முன்வைக்க.

2. ஊரில் ஊராட்சி வானொலி அல்லது பூங்கா வானொலி இருந்த காலத்தை அறிந்த முதியவர் ஒருவரிடம் உரையாடி, அவர் கூறியவற்றை ஒரு பக்க அளவில் எழுதுக.

3. 'விரும்பியதை மட்டும் கேட்பது அறிவை வளர்க்குமா?' என்னும் தலைப்பில் இருதரப்பினராகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக.